ராபின் சிங்: பலகையில் என்ன எழுதுவது, செம்மண் தரையில் எப்படிச் சொல்லித்தருவது?

காரைக்குடி பி.டி. எழுதியது:

வணக்கம். பள்ளி மைதானத்தில் சனிக்கிழமை காலைப் பயிற்சிக்கு 22 பிள்ளைகள் வருகிறார்கள். 11 முதல் 15 வயது. அதில் 7 பேர் பெண் பிள்ளைகள். எல்லாருக்கும் மட்டை வேண்டும், இல்லையென்றால் பந்து வேண்டும். பீல்டிங்குக்குப் போகச் சொன்னால் முகம் சுண்டிப்போகிறது. அதனால் ஒரு மாதம் முழுக்க, பீல்டிங்குக்குப் பெயர்போன முன்னாள் இந்திய ஆல்ரவுண்டர் ராபின் சிங்கை முன்னால் வைத்து ஓட்டம், எறிதல், பிடித்தல் மட்டும் சொல்லித்தரத் திட்டம். மைதானச் சுவரில் அவரைப் பற்றி ஒரு பலகையும் வைக்கிறோம்.

பலகைக்காகப் பிள்ளைகள் சேர்த்த தகவலில் மூன்று சந்தேகம். டாக்கா இறுதியாட்டத்தில் சதம் அடித்தார், 1999 உலகக் கோப்பையில் 22 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார், 2007 இருபது ஓவர் உலகக் கோப்பையில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். இவை சரிதானா?

அடுத்தது பயிற்சி. சிமெண்ட் பிட்ச், மேலே மேட் (விரிப்பு). அவுட்ஃபீல்ட் முழுக்கச் செம்மண், சரளை. மழைக்காலம் தவிரப் புல் கிடையாது. கையில் இருப்பது ஸ்டம்ப் 2 செட், தனி ஸ்டம்ப் 4, தோல் பந்து 10, டென்னிஸ் பந்து 15, பழைய ஜிம் மெத்தை 2. நேரம் ஒன்றரை மணி. டைவ் அடிக்க, அதாவது பாய்ந்து விழுந்து பந்தைப் பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா, வேண்டாமா என்பதிலேயே குழப்பம். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.


பள்ளத்தூர் ஸ்கோரர் எழுதியது:

சார், மூன்றிலும் திருத்தம் இருக்கிறது. பலகையில் பெயிண்ட் அடிப்பதற்கு முன் கேட்டது நல்லது.

டாக்காவில் அவர் அடித்தது 82. 1998 ஜனவரி 18, சுதந்திரக் கோப்பையின் மூன்றாவது இறுதியாட்டம். 48 ஓவர் ஆட்டத்தில் பாகிஸ்தான் 314 எடுத்தது. அதுவரை ஒருநாள் போட்டியில் யாரும் துரத்தி எட்டாத இலக்கு. வழக்கமாக ஆறாவது, ஏழாவது இடத்தில் வருகிற ராபினை மூன்றாவது ஆளாக அனுப்பினார்கள். கங்குலியோடு சேர்ந்து இரண்டாவது விக்கெட்டுக்கு 179. கங்குலி 124. கடைசியில் கனித்கர் அடித்த பவுண்டரியில் ஒரு பந்து மீதமிருக்க வெற்றி. சதம் அடித்தது வேறு ஆட்டம், 1997ல் கொழும்பில் இலங்கைக்கு எதிராக, சரியாக 100. அவருடைய ஒரே ஒருநாள் சதம் அதுதான்.

22 ரன்னுக்கு 5 விக்கெட் என்பது 1997 டிசம்பரில் குவாஹாத்தியில், அதுவும் இலங்கைக்கு எதிராக. 1999 உலகக் கோப்பையில் எடுத்தது 31 ரன்னுக்கு 5. மே 26, டான்டன் மைதானம். கங்குலி 183, டிராவிட் 145 என்று அடித்து 373 வந்த ஆட்டம் என்பதால் ராபினின் ஐந்து விக்கெட்டை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எதிரணி அன்றும் இலங்கைதான். சதம், இரண்டு தடவை ஐந்து விக்கெட் என்று மூன்று சாதனையும் ஒரே அணிக்கு எதிராக அமைந்ததால்தான் பிள்ளைகளுக்குக் குழம்பியிருக்கும்.

2007ல் அவர் பீல்டிங் பயிற்சியாளர். லால்சந்த் ராஜ்புத் மேலாளர் பொறுப்பில் அணியை நடத்தினார், வெங்கடேஷ் பிரசாத் பவுலிங்கைப் பார்த்தார்.

பலகைக்கு நான் சொல்லும் வரிசை: 1963 செப்டம்பர் 14ல் டிரினிடாட்டின் பிரின்சஸ் டவுனில் பிறப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில் படிப்புக்காகச் சென்னை. 1987-88ல் தமிழ்நாடு 33 ஆண்டுகள் கழித்து ரஞ்சிக் கோப்பையை வென்ற அணியில் இடம். 1989 மார்ச் 11ல் முதல் ஒருநாள் ஆட்டம், போர்ட் ஆஃப் ஸ்பெயினில், அதாவது பிறந்த தீவிலேயே, மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிராக. அந்தத் தொடரில் இரண்டு ஆட்டத்தோடு சரி. அடுத்த வாய்ப்பு 1996 டைட்டன் கோப்பையில், 33 வயதில். மொத்தம் ஆடிய 136 ஒருநாள் ஆட்டங்களில் 134, 33 வயதுக்குப் பிறகு ஆடியவை. இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். 2336 ரன், 69 விக்கெட். ஒரே ஒரு டெஸ்ட், 1998ல் ஹராரேயில். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 27 ரன், விக்கெட் இல்லை. ஆனால் கேட்ச் 5. உங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது அந்த 5ஐத்தான். 2001ல் சர்வதேச ஆட்டம் முடிந்தது.


தேவகோட்டை நெட்ஸ் எழுதியது:

ஸ்கோரர் அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். ராபினின் பவுலிங்கை அப்படியே முன்மாதிரியாக வைக்காதீர்கள். ஒருநாள் ஆட்டத்தில் அவருடைய பவுலிங் சராசரி 43க்கு மேல், அதாவது ஒரு விக்கெட்டுக்கு அத்தனை ரன் கொடுத்திருக்கிறார். நடு ஓவர்களில் வேகத்தைக் குறைத்து, ஸ்டம்புக்கு நேராகப் போட்டு, பேட்ஸ்மேனைச் சும்மா அடிக்கவிடாமல் வைத்ததுதான் அவர் வேலை. 13 வயதுப் பையனை அப்படி மெதுவாகப் போடு என்று பழக்கினால் வேகம் வளராமலே போய்விடும். அவரிடமிருந்து எடுக்க வேண்டியது லைன், அதாவது ஸ்டம்புக்கு நேராகப் போடுவது மட்டும்.

மேட் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மேட்டில் பந்து கூடுதலாக எழும்பும். புல் தரையில் நல்ல லென்த் (பந்து குத்தும் தூரம்) என்று சொல்கிற இடத்தில் குத்தினால் ஸ்டம்புக்கு மேலே போகும். ஓரடி, ஒன்றரை அடி பேட்ஸ்மேன் பக்கமாகத் தள்ளிக் குத்தப் பழக்குங்கள். கட்டர், அதாவது விரலால் இழுத்துத் திருப்புகிற பந்து போட்டால் மேட் நன்றாகப் பிடிக்கும், ஆள்காட்டி விரலால் தையலை வலப்பக்கம் இழுத்து விட்டாலே பந்து உள்ளே திரும்பும். மேட்டை மட்டும் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். தளர்ந்து சுருக்கம் விழுந்தால் ஒரு பந்து நிற்கும், ஒரு பந்து வழுக்கும். ஓடிவருகிற பவுலரின் கால் சுருக்கத்தில் மாட்டினால் கணுக்கால் திரும்பிவிடும். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு தடவை, பாதியில் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.


கண்டனூர் மிட்-ஆஃப் எழுதியது:

பயிற்சிக்கு வருகிறேன். ராபின் சிங் என்றதும் எல்லாரும் டைவைத்தான் சொல்வார்கள். நான் முதலில் ஓட்டத்தைச் சொல்வேன். அதற்குத் தரை மென்மையாக இருக்க வேண்டியதில்லை, அடிபடவும் வாய்ப்பில்லை, பலன் உடனே தெரியும்.

ஒரு கிரீஸிலிருந்து (பேட்ஸ்மேன் எட்ட வேண்டிய கோடு) மறு கிரீஸ் 58 அடி, 17.68 மீட்டர். மேட்டுக்கு வெளியே இந்தத் தூரத்தை டேப் வைத்து அளந்து சுண்ணாம்புப் பொடியால் மூன்று தடம் போடுங்கள். பிள்ளைகள் செய்கிற தப்பு ஒன்றே ஒன்று. கோட்டைக் காலால் தொட்டுத் திரும்புவார்கள். கையை நீட்டி மட்டையைத் தரையில் தேய்த்துக்கொண்டு போனால் உடம்பு கோட்டுக்கு ஒன்றரை மீட்டர் முன்னாலேயே நின்று திரும்பிவிடலாம். போகும்போது ஒன்றரை, வரும்போது ஒன்றரை, ஆக ஒரு திருப்பத்தில் மூன்று மீட்டர் மிச்சம். இந்த வயதுப் பிள்ளை காலில் காப்பு (பேட்) கட்டிக்கொண்டு நொடிக்கு ஐந்து மீட்டர் ஓடும் என்று வைத்தால் அரை நொடிக்கு மேல். ரன் அவுட் ஆவதும் தப்பிப்பதும் அந்த அரை நொடியில்தான்.

திரும்பும்போது முகம் பந்து இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். அதற்காக ஓடும்போதே மட்டையைக் கை மாற்ற வேண்டும். பந்து இடப்பக்கம் போயிருந்தால் மட்டை வலக்கையில், வலப்பக்கம் போயிருந்தால் இடக்கையில். மாற்றாமல் திரும்பினால் பந்துக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி ஆகும், இரண்டாவது ரன்னுக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமலே ஓடுவார்கள். நீங்கள் தடத்தின் நடுவில் ஒரு பக்கமாக நின்று பந்தைத் தூக்கிக் காட்டுங்கள். திரும்பும் நேரத்தில் எத்தனை விரல் காட்டினீர்கள் என்று கேளுங்கள். பார்க்காமல் திரும்பினவர்களுக்குப் பதில் வராது.

முதல் வாரம் காப்பு இல்லாமல், இரண்டாம் வாரத்திலிருந்து காப்போடு. ஜோடியாக ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு ரன் ஓடினால் ஒரு சுற்று. நான்கு சுற்று போதும். சுற்றுக்கு நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள். மூச்சு வாங்கும்போது குனிந்து தேய்க்க மாட்டார்கள், பழைய தப்பு திரும்பிவரும்.

அடுத்து எறிதல். நான்கு பேர் ஒரு குழு: உருட்டுபவர், எடுத்து எறிபவர், கீப்பர், அவரைத் தாண்டும் பந்தைத் தடுக்கப் பின்னால் நிற்கும் பேக்கப். ஆறு பந்துக்கு ஒரு தடவை இடம் மாறட்டும். சின்னவர்களுக்கு 12 மீட்டர், பெரியவர்களுக்கு 20 மீட்டர். பந்தைத் தையலுக்குக் குறுக்காக விரல் வைத்துப் பிடிக்கப் பழக்குங்கள், காற்றில் வளையாமல் நேராகப் போகும். எறியும் கையின் முழங்கை தோளுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பந்து பக்கவாட்டில் விலகும், சில வாரத்தில் தோள் வலி வரும். வேகமான எறிதல் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் 30, 40க்கு மேல் வேண்டாம்.

டிவியில் பார்க்கிற ஒரு பவுன்ஸ் எறிதல் நம்ம தரைக்கு ஒத்துவராது. சரளையில் பட்ட பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. 20 மீட்டர் வரை நேராகக் கீப்பர் கைக்கு, ஸ்டம்பின் தலைக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி. அதற்கு மேல் தூரம் என்றால் நடுவில் ஓர் ஆள் வாங்கி எறியட்டும். பேக்கப் நிற்பவர் ஸ்டம்புக்குப் பின்னால் 12 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். பக்கத்திலேயே நின்றால் பந்து அவரையும் தாண்டும். ஓவர்த்ரோவில் (எறிந்த பந்து ஸ்டம்பைத் தாண்டி ஓடுவது) நாலு ரன் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

உருண்டு வருகிற பந்தை ஒரு கையால் அள்ளி எறிவது பார்க்க அழகு. மேடு பள்ளத் தரையில் முதல் மாதம் அதைத் தொடவே வேண்டாம். வலக்கை எறிபவராக இருந்தால் இடது முழங்காலை வலது குதிகாலுக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றி, கால் முழுக்கச் சுவர் மாதிரி குறுக்கே வைப்பது முதல் பாடம். பந்து குதித்தாலும் உடம்பில் பட்டு முன்னால் விழும்.

கடைசியாக ஒற்றை ஸ்டம்ப். 10 மீட்டரில் ஒரு ஸ்டம்பை நட்டு ஆளுக்கு ஐந்து எறிதல். 2007 இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியில் மிட்-ஆஃபிலிருந்து ராபின் உத்தப்பா நேராக ஸ்டம்பில் அடித்து பாகிஸ்தானின் இம்ரான் நசீரை வெளியேற்றினார். நசீர் 14 பந்தில் 33 அடித்துக்கொண்டிருந்தார். இந்தியா வென்றது வெறும் 5 ரன்னில். இதைச் சொல்லிவிட்டு ஸ்டம்பை நட்டுப் பாருங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.


காரைக்குடி பி.டி. எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. பலகை வாசகத்தைத் திருத்தச் சொல்லிவிட்டேன். இன்னும் மூன்று கேள்வி. டைவ் பற்றி யாரும் சொல்லவில்லையே? பெண் பிள்ளைகளுக்கும் சின்னவர்களுக்கும் எந்த எடைப் பந்து? பயிற்சியாளராக அவர் என்னென்ன செய்தார் என்பதையும் பலகையில் ஒரு பத்தி சேர்க்கலாமா?


கண்டனூர் மிட்-ஆஃப் எழுதியது:

டைவ் சொல்லித்தரலாம் சார், ஆனால் மைதானத்தில் கண்ட இடத்தில் வேண்டாம். ஒரு மூலையில் 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்துக்கு ஒரு பாத்தி ஒதுக்குங்கள். மண்வெட்டியால் நாலு விரல் ஆழம் கொத்தி, சரளையைச் சலித்து எடுத்துவிட்டு மணல் கலந்து நிரவுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் தெளித்தால் சனிக்கிழமை காலை பதமாக இருக்கும். காலையில் தெளித்தால் மேலே மட்டும் சேறாகி வழுக்கும், அடியில் கல் மாதிரி இறுகியே இருக்கும்.

அதைவிட முக்கியம் முள். சீமைக் கருவேல முள் காற்றில் வந்து கிடக்கும், செம்மண் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஈர்க்குமாறு வைத்து ஒரே திசையில் கூட்டி, பிறகு வெறும் உள்ளங்கையால் தடவிப் பார்த்த பின்தான் பிள்ளைகளை இறக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் மெத்தையில், முழங்கால் போட்ட நிலையிலிருந்து மட்டும். டென்னிஸ் பந்தைப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி உருட்டுங்கள். கை நீண்டு பந்தைப் பிடிக்க, விலாவும் தொடையின் பக்கமும் முதலில் தரையில் பட்டு வழுக்க வேண்டும். பயப்படுகிற பிள்ளை தன்னையறியாமல் உள்ளங்கையை ஊன்றும். மணிக்கட்டு உடைவது அங்கேதான். இன்னொரு தப்பு முழங்கையை மடக்கிக் குத்துவது, தோல் உரிவதோடு தோளும் அதிரும். உள்ளங்கை ஊன்றுவது நிற்கிற வரை நின்ற நிலையிலிருந்து டைவ் கிடையாது. முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை கட்டாயம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் எட்டு, பத்து டைவ் போதும்.

ரன் ஓடும்போது டைவ் அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். ஆனால் விதியைச் சொல்லிக்கொடுங்கள். ஓடியோ டைவ் அடித்தோ கிரீஸுக்கு அப்பால் மட்டையோ உடம்போ ஒரு தடவை தரையில் பட்டுவிட்டால், அதே வேகத்தில் முன்னால் போகும்போது மறுபடி அந்தரத்தில் எழும்பினாலும் அவுட் இல்லை. 2017லிருந்து இப்படி. பழைய விதியை வைத்துக்கொண்டு அவுட் கொடுக்கிற அம்பயர்கள் இன்னும் இருக்கிறார்கள்.


தேவகோட்டை நெட்ஸ் எழுதியது:

பந்து: 13 வயதுக்குக் கீழே 133 முதல் 144 கிராம். பெண்கள் ஆட்டத்துக்கு 140 முதல் 151. ஆண்கள் பந்து 156 முதல் 163. கடையில் சின்ன அளவு, பெரிய அளவு என்று பொதுவாகச் சொல்லித் தருவார்கள், சமையல் தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். உயரக் கேட்சுக்கு முதல் வாரம் டென்னிஸ் பந்துதான். தோல் பந்தில் ஒரு தடவை விரல் நுனியில் வாங்கிய பிள்ளை, பிறகு பந்து கைக்கு வரும்போது கண்ணை மூடும். அதைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆகும்.

வெயிலையும் பாருங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கினால் எட்டு மணிக்கு முடிந்துவிடும். உயரக் கேட்சை ஆரம்பத்திலேயே வையுங்கள், எட்டு மணிக்கு மேல் கிழக்குப் பக்கம் நிமிர்ந்து பார்க்க முடியாது.


பள்ளத்தூர் ஸ்கோரர் எழுதியது:

பயிற்சியாளர் வாழ்க்கைக்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். ஆடியதைவிட அதிக ஆண்டுகள் அந்த வேலையில்தான் இருந்திருக்கிறார்.

ஹாங்காங் அணிக்குப் பயிற்சி கொடுத்தார், அந்த அணி 2004 ஆசியக் கோப்பையில் ஆடியது. 2007 முதல் 2009 வரை இந்திய அணியின் பீல்டிங் பயிற்சியாளர். 2007 செப்டம்பர் 14ல் டர்பனில் பாகிஸ்தானோடு ஆட்டம் 141ல் சமனாகி, யார் ஸ்டம்பில் அடிப்பது என்ற பவுல்-அவுட்டுக்குப் போனது. ராபினுக்கு அன்று 44வது பிறந்தநாள். இந்திய அணி வலைப் பயிற்சியிலேயே இதைப் போட்டுப் பழகியிருந்தது. சேவாக், ஹர்பஜன், உத்தப்பா மூன்று பேரும் அடித்தார்கள், எதிரில் மூன்று பேரும் தவறவிட்டார்கள். தோனி ஸ்டம்புக்கு நேர் பின்னால் மண்டியிட்டிருந்தார், பவுலருக்குக் குறி தெளிவாகத் தெரிந்தது. உங்கள் ஒற்றை ஸ்டம்ப் பயிற்சியிலும் கீப்பரை அப்படி உட்கார வையுங்கள், கீப்பருக்கு ஹெல்மெட் போட்டு.

அதே தொடரில் தென்னாப்பிரிக்காவோடு ஆடும்போது ஸ்லிப்பில் நம்ம தினேஷ் கார்த்திக் பாய்ந்து ஸ்மித்தைப் பிடித்த கேட்ச் இருக்கிறது. அந்தக் காட்சியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், மிட்-ஆஃப் சொன்ன விலா வழுக்குதல் அதில் அப்படியே தெரியும்.

ஐபிஎல்லில் 2008ல் டெக்கான் சார்ஜர்ஸ் பயிற்சியாளர். அந்த ஆண்டு அந்த அணி கடைசி இடம். இதையும் பலகையில் எழுதுங்கள். 2010லிருந்து மும்பை இந்தியன்ஸ், முதலில் தலைமைப் பயிற்சியாளர், பிறகு தலைமை வேறு ஒருவருக்குப் போனபோதும் விலகாமல் உதவிப் பொறுப்பில் தொடர்ந்தார். கரீபியன் பிரீமியர் லீக்கில் 2014 கோப்பையை வென்ற பார்படாஸ் அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். 2020 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரக அணியின் கிரிக்கெட் இயக்குநர் ஆனார். 2022 இருபது ஓவர் உலகக் கோப்பையில் அந்த அணியின் கார்த்திக் மெய்யப்பன் இலங்கைக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார், சென்னையில் பிறந்த லெக் ஸ்பின்னர். பெயரைக் கேட்டாலே நம்ம பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உள்ளூர் ஞாபகமும் ஒன்று சேர்க்கலாம். 2016ல் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) தொடங்கியபோது பத்ரிநாத் தலைமையில் காரைக்குடி காளை என்று ஓர் அணி இருந்தது. பிறகு அது திருப்பூர் தமிழன்ஸ் ஆகிவிட்டது. பெயரில் காரைக்குடி இருந்தும் அந்த ஆட்டங்கள் நடந்தது சென்னை, நத்தம், திருநெல்வேலி மைதானங்களில்தான். இங்கே புல் தரையோடு ஒரு மைதானம் வேண்டும் என்று கேட்பதற்கு அதுவே போதுமான காரணம்.

முடிக்கும் முன் ஸ்கோரராக ஒன்று. சாதாரண ஸ்கோர் புத்தகத்தில் பீல்டருக்குக் கேட்சும் ரன் அவுட்டும் தவிர இடமே இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் 22 பெயரையும் எழுதி, பக்கத்தில் இரண்டு பத்தி போடுங்கள்: தடுத்த ரன், விட்ட ரன். இரண்டு ஓடவேண்டியதை ஒன்றோடு நிறுத்தினால் தடுத்ததில் 1. கைக்கு வந்ததை விட்டு பவுண்டரி போனால் விட்டதில் 4. பேக்கப் சரியாக நின்று ஓவர்த்ரோவைத் தடுத்தாலும் 1. முடிவைப் பெரியவர் எடுக்காமல், அன்று ஆடாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் பேசி எழுதட்டும், ஆட்டத்தைக் கவனிக்கப் பழகுவார்கள். சனிக்கிழமை கடைசியில் பேட்டிங் ரன்னோடு இதையும் கூட்டி வாசியுங்கள்.


காரைக்குடி பி.டி. எழுதியது:

நோட்டு இன்றே வாங்கியாகிவிட்டது. பாத்தி கொத்த வருகிற வெள்ளிக்கிழமை ஆள் வருகிறது. மணல் எத்தனை கூடை வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் அண்ணே.


கண்டனூர் மிட்-ஆஃப் எழுதியது:

கூடைக் கணக்கு வேண்டாம் சார். 10க்கு 4 மீட்டர், நாலு விரல் ஆழம் என்றால் கொத்திய மண் ஏறத்தாழ 3 கன மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு மணல், அதாவது 1 கன மீட்டர். சலித்த செம்மண்ணை வெளியே கொட்டாமல் திரும்பப் போட்டுக் கலக்குங்கள். வெறும் மணலாகப் போட்டால் கால் புதையும், ஓடிவந்து பாய முடியாது.